நிலக்கரி ரயிலை மறிப்பதா, வயலில் உட்காருவதா?

ஒரத்தநாட்டான்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகள் பதினான்கு பேர் இருக்கிறார்கள். சென்ற மாதம் அவர்கள் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் நடந்த நிலக்கரி எதிர்ப்புப் போராட்டங்களின் காணொளிகளை நூலகத்துச் சுவரில் திரையிட்டுப் பார்த்தார்கள். புகைபோக்கியில் ஏறியவர்களையும், சுரங்கத்துக்குள் ஆயிரக்கணக்கில் இறங்கியவர்களையும், ஓடும் பாதையில் ரயிலை நிறுத்தி நிலக்கரியை மண்வெட்டியால் வாரிக் கொட்டியவர்களையும் பார்த்த பிறகு, நாமும் இப்படி ஏதாவது செய்தாக வேண்டும் என்ற வேகம் அவர்களுக்கு வந்துவிட்டது. காரைக்காலில் இறங்கும் நிலக்கரி திருவாரூர், தஞ்சாவூர் வழியாகத்தான் சரக்கு ரயிலில் மேற்கே போகிறது. அந்த ரயிலை ஒரு நாள், ஒரு மணி நேரமாவது மறிக்க வேண்டும் என்பது அவர்கள் யோசனை.

இந்த வேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2023 மார்ச் இறுதியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட ஏல அறிவிப்பில் எங்கள் வடசேரியும், அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டியும், சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதியும் பழுப்பு நிலக்கரி வட்டாரங்களாக இடம்பெற்றிருந்தன. ஏப்ரல் 4 அன்று முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், சட்டமன்றத்தில் பேசப்பட்டது, ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது, 8 ஆம் தேதி மூன்றையும் ஏலத்திலிருந்து விலக்குவதாக ஒன்றிய அமைச்சர் அறிவித்தார். எல்லோரும் இனிப்பு வழங்கினார்கள். ஆனால் பட்டியலிலிருந்துதான் பெயர் நீங்கியதே தவிர, நிலத்தடியில் இருக்கும் நிலக்கரி எங்கேயும் போய்விடவில்லை. இன்னொரு பட்டியல் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும் என்பது பிள்ளைகளின் கேள்வி.

நான் பள்ளி ஆசிரியன். தடுப்பதா, கூடப் போவதா என்று எனக்குப் புரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொதிகலன்

முப்பத்திரண்டு ஆண்டுகள் அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என்னை எதிரணி என்று நினைத்துக்கொண்டு படித்தாலும் சரி, கணக்கை மட்டும் பாருங்கள்.

58 பெட்டிகள் கொண்ட ஒரு ரேக்கில் ஏறத்தாழ 3,700 டன் நிலக்கரி வரும். 210 மெகாவாட் அலகு ஒன்று முழுச் சுமையில் ஒரு நாள் ஓடினால் 50 லட்சம் யூனிட் உற்பத்தியாகும். யூனிட்டுக்கு 700 கிராம் என்று வைத்தால் 3,500 டன் எரிந்திருக்கும். ஆக, ஒரு ரேக் என்பது ஓர் அலகின் ஒரு நாள் சாப்பாடு. மேட்டூரில் மட்டும் அப்படிப்பட்ட அலகுகள் நான்கும், 600 மெகாவாட் அலகு ஒன்றும் இருக்கின்றன. நிலையத்தின் கிடங்கில் எப்போதும் சில நாட்களுக்கான இருப்பு மலைபோலக் கிடக்கும். நீங்கள் ஒரு மணி நேரம் மறித்தால் கொதிகலனுக்கு அது தெரியவே தெரியாது.

யாருக்குத் தெரியும் என்று கேட்டால், தஞ்சாவூர் திருவாரூர் பாதை ஒற்றை வழித்தடம். சரக்கு ரயில் நின்றால் பின்னால் வரும் பயணிகள் ரயிலும் நிற்கும். நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு டயாலிசிஸ் செய்துகொள்ளப் போகிறவர் அதில்தான் உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2012 முதல் 2019 வரை, வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 இல் மேட்டூர் அணை திறக்கவேயில்லை. அந்த எட்டு ஆண்டுகளும் டெல்டாவில் குறுவை விளைந்தது ஆழ்துளைக் கிணற்றாலும், மும்முனை மின்சாரத்தாலும்தான். அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. மோட்டார் கொட்டகையில் நின்றுகொண்டுதான் நாம் இதைப் பேசுகிறோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

ஒரத்தநாட்டான்

ஐயா, கணக்குக்கு நன்றி. பிள்ளைகளிடம் படித்துக் காட்டினேன். ஒருவன், "கொதிகலனுக்குத் தெரிய வேண்டாம், செய்தித்தாளுக்குத் தெரிந்தால் போதும்" என்றான். அதற்கு என்ன பதில் சொல்வது?

கறுப்பு அங்கி

அந்தப் பிள்ளைக்கு ஒரு வழக்கறிஞனாக நான் பதில் சொல்கிறேன்.

2007 அக்டோபரில் இங்கிலாந்தின் கிங்ஸ்நார்த் அனல் மின் நிலையத்தில் கிரீன்பீஸ் சுற்றுச்சூழல் அமைப்பினர் 200 மீட்டர் உயரப் புகைபோக்கியில் ஏறி அன்றைய பிரதமரின் பெயரை வண்ணத்தில் எழுதினார்கள். சொத்துச் சேதம் என்று ஆறு பேர் மீது வழக்கு. அடுத்த ஆண்டு செப்டம்பரில் மெய்ட்ஸ்டன் நீதிமன்றத்தில், பருவநிலை மாற்றத்தால் விளையும் பெரிய சேதத்தைத் தடுக்கவே இந்தச் சிறிய சேதத்தைச் செய்தோம் என்று அவர்கள் வாதாடினார்கள். நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் வந்து சாட்சி சொன்னார். பொதுமக்களிலிருந்து எடுக்கப்பட்ட ஜூரிகள் ஆறு பேரையும் விடுதலை செய்தார்கள். அங்கே கட்டவிருந்த புதிய நிலக்கரி நிலையம் பிறகு கைவிடப்பட்டது. பழைய நிலையமும் 2012 இல் மூடப்பட்டது. உலகம் முழுவதும் இதைச் சொல்லி மகிழ்கிறார்கள், நானும் மகிழ்கிறேன்.

ஆனால் அந்த விடுதலையைத் தந்தவர்கள் ஜூரிகள் என்பதைக் கவனியுங்கள். நம் நாட்டில் ஜூரி முறை ஒழிந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. பெரிய தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்த செயல் குற்றமாகாது என்னும் பிரிவு நம்மிடமும் உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் 81, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 19. நிலக்கரிப் புகையைத் தடுக்க ரயிலை மறித்தேன் என்று கீழமை நீதிமன்றத்தில் அந்தப் பிரிவைக் காட்டி விடுதலை வாங்கலாம் என்று என் கட்சிக்காரருக்கு நான் உறுதி கொடுக்க மாட்டேன். ரயில்வே சட்டத்தின் 174 ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: ரயிலை மறித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

சிறையைக்கூட விடுங்கள். நம் பிள்ளைகளை வாட்டுவது பாஸ்போர்ட். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மறியலில் ஓரமாக நின்றிருந்த பையனின் பெயரும் முதல் தகவல் அறிக்கையில் ஏறிவிட்டது. சிங்கப்பூரில் வேலை உறுதியாகி, முகவருக்கு முன்பணமும் கொடுத்திருந்தார்கள். காவல் சரிபார்ப்பில் வழக்கு நிலுவை என்று வந்ததும் எல்லாம் நின்றது. அவன் அம்மா வாய்தாவுக்கு வாய்தா என்னைத் தேடி வந்து, புடவைத் தலைப்பில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து மேசையில் வைப்பார். நான் வாங்க மாட்டேன். அவர் மறுபடி முடிந்துகொள்வார். வழக்கு முடிய நான்கு ஆண்டுகள் ஆயின. இதைத் தெரிந்துகொண்டு வருகிறவன் வரட்டும். தெரியாமல் ஒருவனும் வரக் கூடாது.

ரைன்கரைத் தமிழன்

நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரன். இப்போது ஜெர்மனியில் வேலை. பிள்ளைகள் பார்த்த காணொளிகளில் ஒன்று கார்ட்ஸ்வைலர் சுரங்கமாகத்தான் இருக்க வேண்டும். அது பழுப்பு நிலக்கரிச் சுரங்கம், நெய்வேலியின் அண்ணன் என்று சொல்லலாம். நெய்வேலியில் மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரங்களே ஜெர்மன் தொழில்நுட்பம்தான்.

2015 முதல் "எண்டே கெலெண்டே" என்னும் கூட்டமைப்பு அங்கே சுரங்கத்துக்குள் இறங்கி வருகிறது. அதன் நெருக்கத்தில் நின்று பார்த்தவன் என்பதால் காணொளியில் தெரியாதவற்றைச் சொல்கிறேன். வெள்ளை அங்கி அணிந்து அவர்கள் நடப்பது திடீர் ஆவேசம் அல்ல. முதல் நாள் முழுவதும் பயிற்சி. இயந்திரத்தை உடைக்க மாட்டோம், மனிதரைத் தாக்க மாட்டோம் என்று எல்லோரும் கூடி முடிவு செய்கிறார்கள். ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுவாகப் பிரிந்து, உனக்கு எது வரை துணிவு, கைதாகலாமா கூடாதா, மாத்திரை சாப்பிடுகிறாயா என்று ஒருவரை ஒருவர் கேட்டு வைத்துக்கொள்கிறார்கள். வழக்கறிஞர் உதவி எண்ணைக் கையில் மையால் எழுதிக்கொள்கிறார்கள். வைக்கோல் அடைத்த சாக்குப் பை ஒன்று முதுகில் தொங்கும். நாள் முழுவதும் உட்கார அது மெத்தை. வைக்கோலைப் பார்த்ததும் எனக்கு நம் களத்து மேடுதான் நினைவுக்கு வந்தது.

வெற்றி என்று ஒரே சொல்லில் அடக்க முடியாது. ஹாம்பாக் காட்டில் 2012 முதல் மரத்தின் மேல் குடில் கட்டி வாழ்ந்தார்கள்; 2018 இல் காவல் துறை அவர்களை இறக்கும்போது படமெடுத்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் விழுந்து இறந்தார்; எஞ்சிய காடு கடைசியில் தப்பியது. லூட்சராத் என்னும் சிற்றூர் தப்பவில்லை. 2023 ஜனவரியில் அதை இடித்தார்கள். ஆனால் ஊரை இடிக்க அரசும் நிறுவனமும் செய்துகொண்ட அதே உடன்பாட்டில்தான் அந்த வட்டாரத்தில் நிலக்கரியைக் கைவிடும் ஆண்டு 2038 இலிருந்து 2030 க்கு முன்னே வந்தது. ஊரைக் கொடுத்து ஆண்டை வாங்கினார்கள் என்று அங்கேயே கசப்போடு சொல்வார்கள்.

ரயிலுக்கும் ஓர் உதாரணம் தருகிறேன். 2008 ஜூனில் இங்கிலாந்தின் டிராக்ஸ் நிலையத்துக்குப் போன நிலக்கரி ரயிலை நிறுத்தியவர்களில் 29 பேருக்குத் தண்டனை கிடைத்தது. அவர்களுக்குள்ளேயே காவல் துறை ஒற்றர் ஒருவர் தோழராக நடித்துக்கொண்டிருந்தார் என்பதை அரசு தரப்பு மறைத்தது பின்னால் வெளிப்பட்டு, 2014 இல்தான் தண்டனை ரத்தானது. பதினான்கு பேர் கொண்ட உங்கள் வட்டத்துக்கும் இதில் பாடம் இருக்கிறது: ஒளித்துச் செய்யும் திட்டம் எதுவும் வேண்டாம். வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்பவனை ஒற்றனால் என்ன செய்ய முடியும்?

வெள்ளாற்றங்கரை

எங்கோ இருப்பதைப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்தில் நடந்ததை யாரும் சொல்லவில்லை.

2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், நெய்வேலி என்.எல்.சி. நிறுவனத்தின் சுரங்கத்துக்காகப் பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய்க்குப் பயிர் நின்ற வயலில் பொக்லைன்கள் இறங்கின. அந்த நிலங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டவை என்பது நிறுவனத்தின் வாதம். கையகப்படுத்திய பிறகும் எங்களைப் பயிர் செய்ய விட்டீர்களே, அறுவடை வரை பொறுத்தால் என்ன என்பது விவசாயிகளின் வாதம். நாட்டுச் சட்டம் தெரிந்தவர்கள் முதல் வாதத்தைப் பேசட்டும்; கதிர் வரும் பயிரின் மேல் சங்கிலிச் சக்கரம் ஏறுவதை வரப்பில் நின்று பார்த்தவனுக்கு இரண்டாவதுதான் புரியும். பின்னர் உயர் நீதிமன்றம் ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு தரச் சொன்னது.

அடுத்து நடந்ததையும் மறக்கக் கூடாது. 28 ஆம் தேதி நெய்வேலியில் பெரிய கட்சி ஒன்று முற்றுகை நடத்தியது. அது கல்வீச்சிலும் கண்ணீர்ப் புகையிலும் முடிந்தது. அதுவரை நாடு முழுவதும் பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் முதல் எல்லோரும் கல்லைப் பார்த்தார்கள். பயிரின் படம் செய்தியில் இரண்டு நாள்கூட முழுதாக நிற்கவில்லை என்பது என் வருத்தம்.

கொதிகலன் ஐயா மோட்டார் கொட்டகையைச் சொன்னார். அதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் நிலத்தடி நீர் அழுத்தத்தோடு இருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பிளக்காமல் இருக்கும். என் தாத்தா காலத்தில் குழாய் இறக்கினால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கி வந்தது. இப்போது எவ்வளவு ஆழம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இதில் வேடிக்கை, இறைத்துவிடும் சுரங்க நீர் வாலாஜா ஏரி வழியாக வந்து எங்கள் வட்டாரத்தில் சில ஊர்களுக்குப் பாசனமும் ஆகிறது. என் மைத்துனர் வயல் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. அவரைப் போராட்டத்துக்குக் கூப்பிட்டால், "மாப்பிள்ளை, சுரங்கத்தை மூடிவிட்டால் மறுநாள் மடையில் என்ன வரும்?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் இல்லை என்பதற்காக அவரை விலை போனவர் என்று சொல்லவும் மாட்டேன்.

கொதிகலன்

இதுதான் நேர்மையான பதிவு. நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் சாம்பல் குட்டையின் ஓரத்து ஊரிலிருந்து மனு கொண்டுவருவார்கள். காற்றடி காலத்தில் சோற்றில் சாம்பல் விழுகிறது என்று எழுதியிருப்பார்கள். தண்ணீர் தெளிக்க ஏற்பாடு செய்யப்படும் என்று ஒரே பதிலைத் தட்டச்சு செய்து அனுப்புவோம். பத்தாண்டுகள் அதே மனு, அதே பதில். ஒரு முறை பெண்கள் சாம்பல் படிந்த சோற்றுப் பானையோடு வந்து வாயிலில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்று மாலையே தெளிப்பான் ஓடியது. கணக்கு வேறு, மனிதர் உட்காருவது வேறு என்று அன்றைக்குத் தெரிந்தது.

நடவுக்காரி மகள்

இத்தனை பதிவுகளில் "விவசாயி" என்ற சொல் வந்தது. "கூலி" என்ற சொல் ஒரு முறையும் வரவில்லை. என் அம்மா நாற்பது ஆண்டுகளாக நடவு நடுகிறார். எங்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம்கூடக் கிடையாது.

சுரங்கம் வந்தால் பட்டாதாரருக்கு இழப்பீடு. வேலை கேட்டும் போராடலாம். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவருக்கு என்ன கிடைக்கும்? நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று பிழைக்கும் என் அம்மாவுக்கு என்ன கிடைக்கும்? எந்த அறிவிப்பிலும் எங்கள் தெரு இல்லை. ஆனால் மறியல் என்று வந்தால் வேனில் முதலில் ஏற்றப்படுபவர்கள் நாங்கள். மண்டபத்தில் அடைத்து மாலையில் விடுவார்கள். அன்றைய கூலி போனது போனதுதான். கிழக்குத் தஞ்சையில் கூலிக்காக நின்றவர்கள் எதையெல்லாம் கொடுத்தார்கள் என்று வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரைக் கேட்டால் தெரியும். ஆகையால் போராட்டம் எங்களுக்குப் புதிதில்லை. எங்களைக் கேட்காமல் எங்களைக் கொண்டு நடத்தும் போராட்டம்தான் கசக்கிறது.

ரயில் யோசனையை நான் ஏற்கவில்லை. தூத்துக்குடியில் 2018 இல் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பார்த்தோம். நிலக்கரியின் பெயராலேயே ஆந்திரத்தின் சோம்பேட்டையில் 2010 ஜூலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அங்கே காப்பாற்றப்பட்டது பீலா என்னும் சதுப்பு நிலம். மீன் பிடிப்பவர்களும் நெல் விளைவிப்பவர்களும் ஒன்றாக நின்றார்கள். அனல் மின் திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதி அந்த வாரத்திலேயே ரத்தானது. உயிர்கள் போன பிறகு.

நேரடி நடவடிக்கை என்றால் இரும்பில் ஏறித்தான் செய்ய வேண்டுமா? 1930 இல் வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாகிரகம் நடந்தபோது, முடி திருத்தும் வைரப்பன் காவலருக்குச் சவரம் செய்ய மறுத்துச் சிறைக்குப் போனார். அவரிடம் இருந்தது ஒரு கத்தி; அதை மூடி வைத்தார், அவ்வளவுதான். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் மீத்தேன் திட்டத்தை எதிர்த்து எந்தக் கோபுரத்திலும் ஏறவில்லை. ஊர் ஊராகப் போய்த் தரையில் உட்கார்ந்து பேசினார். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில் உயிர் போகும் வரை அதைத்தான் செய்தார். நிலக்கரிப் படுகையிலிருந்து எரிவாயு எடுக்கும் அந்தத் திட்டத்துக்கு 2015 இல் தமிழ்நாடு அரசு தடை விதித்தது.

நிலக்கரி தேடித் துளையிடும் வண்டி ஊருக்குள் வரும் நாளில் எந்த வீட்டில் அரிசி இருக்கிறது, யார் கஞ்சி காய்ச்சுவார், கைதாகும் கூலிக்காரரின் அன்றைய கூலியை யார் ஈடு செய்வார் என்று முதலில் எழுதுங்கள். அது எழுதப்பட்டால் என் அம்மா வண்டிக்கு முன்னால் உட்காருவார். சும்மா சொல்லவில்லை, கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ரைன்கரைத் தமிழன்

தங்கை சொல்வதை ஏற்கிறேன். ஒரு சிறு திருத்தம் மட்டும்: புகைபோக்கியில் ஏறியவர்களும் வீண் இல்லை. ராட்க்ளிஃப் நிலையத்தை முடக்கத் திட்டமிட்டதாக 2009 இல் 114 பேரை முன்கூட்டியே கைது செய்தார்கள். 2024 செப்டம்பர் 30 அன்று அதே நிலையம்தான் இங்கிலாந்தின் கடைசி நிலக்கரி மின் நிலையமாக மூடப்பட்டது. மூடியதற்குக் கரிம வரியும் எரிவாயுவும் காற்றாலையும் பெரிய காரணங்கள். அந்த 114 பேருக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

கறுப்பு அங்கி

பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் வாடகை வீட்டில் இருந்து வந்தவர்கள், போராட்டம் முடிந்ததும் நகரத்துக்குத் திரும்பியவர்கள். நம்மவர் திரும்பிப் போவது அதே வயலுக்கு, அதே கிராம நிர்வாக அலுவலருக்கும் அதே காவல் நிலையத்துக்கும் முன்னால். 2017 இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய்க் கசிவை ஒட்டிக் கைதானவர்களுக்கு ஊரே கடையடைத்து நின்றது. அது இல்லாமல் இங்கே எதுவும் நிற்காது. 2020 இன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கையில் இருக்கிறது என்று அசந்துவிடவும் வேண்டாம். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை. அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டு, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். வண்டி வரும் நாளில் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும்.

ஒரத்தநாட்டான்

நேற்று மாலை நூலகத்தில் கூடினோம். நடவுக்காரி மகளின் பதிவை உரக்கப் படித்தார்கள்; கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ரயில் யோசனையைக் கைவிட்டார்கள், முகம் தொங்கித்தான் போயிற்று. பிறகு ஒரு நோட்டில் பட்டியல் எழுதத் தொடங்கினார்கள். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்திருக்கும் மூன்று பேரின் பெயர் முதலில் நீக்கப்பட்டது. அதில் ஒருவன் அழுதுவிட்டான். மீதி பதினொரு பேர். அதற்குக் கீழே தெருவாரியாகப் பதினேழு பெரியவர்கள், அவர்களில் ஒன்பது பேர் பெண்கள். கூலி ஈடு செய்ய அறுவடைக்கு அறுவடை வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் என்று பேச்சு. எத்தனை வீடு தரும் என்று பார்க்க வேண்டும்.

வக்கீல் சார், ஒரு கேள்வி. ஜாமீனுக்குப் பொறுப்பேற்கப் பதினேழு பேரில் நால்வர் முன்வந்திருக்கிறார்கள். நால்வரும் கோயில் நிலக் குத்தகைதாரர்கள். அவர்கள் பெயரில் அடங்கல் இருக்கிறது, பட்டா இல்லை. அது செல்லுமா?

கறுப்பு அங்கி

அடங்கல் சாகுபடியைக் காட்டும், சொத்துரிமையைக் காட்டாது. நீதிமன்றம் ஏற்பது கடினம். தங்கள் பெயரில் வீட்டு வரி ரசீது உள்ள இரண்டு பேரைக் கூடுதலாகச் சேர்த்து வையுங்கள். நடப்பு ஆண்டு ரசீதாக இருக்க வேண்டும். சனிக்கிழமை ஒரத்தநாடு வருகிறேன், நோட்டை எடுத்து வாருங்கள்.